31:4 சரியா, 31:3 சரியா?

அன்புள்ள ஐயா,

சபை வேத வகுப்பில் பிரெஸ்பிட்டேரியன் சபைகளின் கோட்பாட்டு நூலான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையை வாசித்து வருகிறோம். சினட்டுகள் (சபைத் தலைவர்கள் கூடி முடிவெடுக்கும் மன்றங்கள்) தவறக்கூடும் என்ற வாக்கியம் என் பிரதியில் 31:4 (31ஆம் அதிகாரம், 4ஆம் பிரிவு), நண்பருடையதில் 31:3. என்னுடையதில் 33 அதிகாரங்கள், அவருடையதில் 35. இரண்டிலும் 1646 என்றே போட்டிருக்கிறது. எது அசல்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுடையது பழைய பாடம், அதாவது திருத்தப்படாத மூல வாசகம். நண்பருடையது அமெரிக்கப் பாடம், அதுவும் ஒருமுறைக்கு மேல் கை வைத்தது. அட்டையில் உள்ள வருடத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அறிக்கை எழுதி முடிந்தது 1646 டிசம்பரில். இங்கிலாந்தின் மக்களவை கேட்டதால் வசன ஆதாரங்கள் சேர்ந்தது 1647 ஏப்ரலில். ஸ்காட்லாந்துச் சபையின் உச்ச மன்றமான ஜெனரல் அசெம்பிளி ஏற்றது அதே வருடம் ஆகஸ்டில். பிற்காலத் திருத்தங்கள் உள்ள பிரதியிலும் இந்தப் பழைய வருடமே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

பழைய 31ஆம் அதிகாரத்தில் ஐந்து பிரிவுகள். சினட்டைக் கூட்ட அரசுக்கு உரிமை உண்டு என்பது இரண்டாவது. 1788இல் நியூயார்க்–பிலடெல்பியா சினட் அதை எடுத்துவிட்டு, கூட்டுவது சபைக் கண்காணிகளின் பொறுப்பு என்று முதல் பிரிவிலேயே சேர்த்தது. மிஞ்சியது நான்கு. உங்கள் 31:4 அங்கே 31:3 ஆனது இப்படித்தான்.

பெரிய மாற்றம் 23:3இல். பழைய பாடத்தில் தேவதூஷணத்தையும் வேதப்புரட்டையும் அடக்குவது துரைத்தனத்தின் கடமை. 1788 பாடத்திலோ, எந்தக் கிறிஸ்தவப் பிரிவுக்கும் சலுகை காட்டாமல் எல்லாச் சபைகளையும் காப்பதோடு அரசின் வேலை முடிந்தது. இரண்டு பாடங்களும் சாய்ந்து நிற்பது ஏசாயா 49:23 மேல்தான். ராஜாக்கள் வளர்க்கும் தந்தைகள் என்ற அதே வசனம் அங்கே தண்டிக்கும் தகப்பன், இங்கே பாரபட்சம் பார்க்காத தகப்பன். அரசு சினட்டைக் கூட்டலாம் என்பதற்குப் பழைய பாடம் காட்டும் ஆதாரங்களில் மத்தேயு 2:4–5உம் ஒன்று: பிரதான ஆசாரியரைக் கூட்டி விசாரித்த ஏரோது! இதைவிடப் பலவீனமான சாட்சியைத் தேடினாலும் கிடைக்காது. ஸ்காட்லாந்துக்காரர்களுக்கும் இங்கே உறுத்தல் இருந்தது. 31:2 ஒழுங்குமுறை இன்னும் நிலைபெறாத சபைகளுக்கு மட்டுமே பொருந்தும் என்று 1647இல் ஏற்றபோதே எழுதி வைத்தார்கள்.

அதிகாரங்கள் 35 ஆனது 1903இல், அமெரிக்காவில். பரிசுத்த ஆவி பற்றி ஒன்றும், தேவ அன்பும் மிஷன் பணியும் பற்றி ஒன்றுமாக இரண்டு அதிகாரங்களைக் கடைசியில் சேர்த்தார்கள். அப்போதே 25:6இல் போப்பை அந்திக்கிறிஸ்து என்றதும் போயிற்று.

ஆனால் 33 இருப்பதாலேயே பழைய பாடம் என்று எண்ணிவிட வேண்டாம், 1788 பாடத்திலும் 33தான். முதலில் 23:3ஐத் திறவுங்கள், பிறகு 31இன் பிரிவுகளை எண்ணுங்கள். 1942இல் அமெரிக்கத் தென்மாநிலச் சபை புது அதிகாரங்களை 9, 10 என்று நடுவில் நுழைத்ததால், அந்தப் பிரதியில் 31 என்பது 33 ஆகிவிடும். வகுப்புத் தாளில் எண்ணோடு அதிகாரத்தின் தலைப்பையும் பாடத்தின் வருடத்தையும் போடுங்கள்: "சினட்டுகளும் சங்கங்களும், 31:4, 1647 பாடம்".