“கடவுள் இல்லைன்னா கல்யாணத்தை யார் நடத்துவார்?” – ஒரு நாத்திகரின் கேள்வி பதில்

நாத்திகம் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி ‘கடவுள் இல்லை என்று நிரூபி பார்க்கலாம்’ ரகம். இருக்கிறது என்பவர் முதலில் காட்டட்டும், அப்புறம் பேசலாம். வீட்டிலும் வெளியிலும் நிஜமாகவே காலை இடறுகிற கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (சேலம்): நாங்கள் இருவரும் ஐயர் இல்லாமல், அக்னி இல்லாமல் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறோம். ‘நாளைக்குக் கோர்ட்டில் செல்லாது’ என்று மாமா பயமுறுத்துகிறார். உண்மையா?

உங்கள் மாமா 1950களில் இருந்து பேசுகிறார். அப்போது அவர் சொல்வது சரிதான். ஐயரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் 1928-லேயே தொடங்கிவிட்டாலும், சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ஏற்கவில்லை. சடங்கு நடக்காததால் மனைவிக்குச் சட்டப்படி மனைவி என்ற நிலை இல்லை, பிள்ளைகளுக்குச் சொத்துரிமையில் சிக்கல். அதைத் தெரிந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் அப்படித்தான் செய்துகொண்டார்கள் என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்பு.

அண்ணா முதலமைச்சர் ஆனதும் 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அது 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், உங்களுக்குப் புரிகிற மொழியில், ‘இவரை என் துணையாக ஏற்கிறேன்’ என்று ஒருவருக்கொருவர் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். இதில் ஏதாவது ஒன்று. அதற்கு முன்பு நடந்த திருமணங்களையும் இந்தச் சட்டம் செல்லுபடியாக்கியது. நீங்கள் செய்ய வேண்டியது, 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதுதான். அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு வேடிக்கை: இந்தப் பிரிவு இரண்டு ‘இந்துக்களுக்கு’ மட்டும். ஆனால் சட்டத்தின் கண்ணில் முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாதவர் பொதுவாக இந்துதான். ஆகவே கடவுளை மறுத்துக்கொண்டே இந்து திருமணச் சட்டத்தின் கீழ் கல்யாணம் செய்துகொள்ளலாம்.

கேள்வி (நாகர்கோவில்): அவள் கிறிஸ்தவக் குடும்பம். எனக்கும் இதே வழியா?

இல்லை. உங்களுக்கு 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். யாரும் மதம் மாற வேண்டாம். 30 நாள் முன்னறிவிப்பை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள் என்பதுதான் தலைவலி. வீட்டில் எதிர்ப்பு இருந்தால் அந்த ஒரு மாதத்தை எப்படிக் கடப்பது என்று முதலிலேயே ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி (வேலூர்): மகளைப் பள்ளியில் சேர்க்கிறோம். விண்ணப்பத்தில் சாதி, மதம் இரண்டையும் காலியாக விடலாமா?

விடலாம். பெற்றோர் விரும்பினால் அந்தக் கட்டங்களைக் காலியாக விடலாம் என்று 1973-லேயே தமிழக அரசின் ஆணை இருக்கிறது. எழுத்தருக்குத் தெரியாமல் இருக்கலாம், பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஆனால் தோழர், நீங்கள் எந்தச் சமூகம் என்று எனக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்கிறேன். சாதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் இடஒதுக்கீடு இல்லை. பட்டியல் சாதியினருக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி, அந்தத் தகுதி இந்து, சீக்கிய, பவுத்த மதத்தவருக்குத்தான். ‘மதமற்றவர்’ என்று ஆர்வத்தில் எழுதி வாங்கினால் பிள்ளையின் உரிமைக்கு நாமே குழி தோண்டியதாகிவிடலாம். பாட்டன் காலத்தில் ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாததற்கான ஈடு அந்தச் சான்றிதழ். பக்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘எனக்குச் சாதியே கிடையாது’ என்று பெருமையாக எழுதுகிறவர்களில், சாதியால் எதையும் இழக்காதவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்களே பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது தரகரிடம் எதைக் கேட்கிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (தஞ்சாவூர்): நாத்திகம் மேல்நாட்டுச் சரக்குதானே? தமிழ் மரபில் ஏது?

மணிமேகலையைப் புரட்டுங்கள். சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையில், வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயத்தாராக மணிமேகலையிடம் தங்கள் கொள்கையைச் சொல்கிறார்கள். அதில் பூதவாதி என்றொருவர். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் மற்றதும் சேர்ந்தால் கள்ளின் வெறி எப்படிப் பிறக்கிறதோ, அப்படித்தான் நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, அவை பிரிந்தால் அதுவும் போய்விடும் என்கிறார். கண்ணால் காண்பதுதான் சான்று, மறுபிறவி எல்லாம் பொய் என்கிறார். மணிமேகலை சிரித்துவிட்டு, ‘உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்?’ என்று மடக்குகிறாள். பவுத்தக் காப்பியம், அவள்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் எதிராளியின் வாதத்தையும் இவ்வளவு தெளிவாக எழுதிவைத்தார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது.

மேல்நாட்டுத் தொடர்பும் உண்டு, மறுக்கவில்லை. 1880களில் சென்னையில் ‘தத்துவ விவேசினி’ என்றொரு வார இதழ் வந்தது. இங்கிலாந்து சுதந்திர சிந்தனையாளர்களைப் படித்தவர்கள் அதை நடத்தினார்கள். பெரியார் அப்போது ஈரோட்டில் சின்னப் பையன்.

கேள்வி (மதுரை): சாமியே இல்லை என்பவர்களுக்கு, யார் அர்ச்சகர் ஆனால் என்ன? கோவிலை பக்தர்களிடம் விட வேண்டியதுதானே?

நியாயமான கேள்வி, பலரும் கேட்பது. எனக்கு அர்ச்சகர் வேலை வேண்டாம். ஆனால் பக்தியும் பயிற்சியும் உள்ள ஒருவரை, பிறப்பைக் காட்டிக் கருவறை வாசலில் நிறுத்தினால், அங்கே நடப்பது தீண்டாமை. அது கோவிலுக்குள் நடப்பதால் புனிதமாகிவிடாது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்து 1970-ல் கலைஞர் அரசு சட்டம் கொண்டுவந்தது. 1972-ல் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமையை நீக்கியதை ஏற்றது. ஆனால் நியமனம் கோவில் வழிபாட்டு விதிகளான ஆகமப்படிதான் என்று ஒரு முடிச்சும் போட்டது. எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆவதைப் பார்க்காமலே அடுத்த ஆண்டு டிசம்பரில் பெரியார் போய்விட்டார். ‘பெரியார் நெஞ்சில் தைத்த முள்’ என்று இதைத்தான் சொல்வார்கள். பயிற்சி முடித்த பல சாதியினருக்கு நியமன ஆணை கிடைத்தது 2021 ஆகஸ்டில். வழக்குகள் அதற்குப் பிறகும் ஓயவில்லை.

தி.மு.க.காரர்கள் வீட்டில் பூஜை நடக்கிறதே என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நடக்கும். தி.மு.க. நாத்திகக் கட்சியாக ஓட்டுக் கேட்கவில்லை. அண்ணா எடுத்துக்கொண்டது ‘ஒன்றே குலம், ஒருவனே தேவன்’. திருமூலரிடமிருந்து வந்தது அது. பதவியேற்பில் ‘ஆண்டவன்மீது ஆணையாக’ என்பதற்குப் பதில் ‘உளமார’ என்று சொல்வது மட்டும் மிச்சம். அதற்கு அரசியலமைப்பே இடம் தருகிறது.

கேள்வி (கோவை): இந்து மதத்தை மட்டும் திட்டுவது ஏன்?

வளர்ந்த வீட்டின் ஓட்டைதான் முதலில் கண்ணில் படும். இலங்கையில் மந்திரவாதிகளுக்கும் சாமியார்களுக்கும் சவால் விட்ட ஆபிரகாம் கோவூர், திருவல்லாவில் ஒரு பாதிரியாரின் மகன். முஸ்லிமாகப் பிறந்து நாத்திகரான பாரூக் உங்கள் ஊர்க்காரர்தான். எழுதியதற்காக 2017 மார்ச்சில் வெட்டிக் கொன்றார்கள். அவர் பெயரை நம் மேடைகளில் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்த அளவில் உங்கள் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது.

கேள்வி (திருச்சி): ஆபீஸில் ஆயுத பூஜை, வீட்டில் அம்மா விபூதி பூச வருகிறார். என்ன செய்வீர்கள்?

பொரி, சுண்டலை வாங்கிச் சாப்பிடுவேன். அம்மா பூசினால் நெற்றியைக் காட்டுவேன். சைவ மடத் தலைவரான குன்றக்குடி அடிகளார் திருநீறு பூசியபோது பெரியாரே அழிக்காமல் இருந்தார் என்பார்கள். மேடையில் கடவுள் வாழ்த்து பாடினால், தள்ளாத வயதிலும் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார் என்றும் சொல்வார்கள். அரசு அலுவலகச் சுவரில் சாமி படம் மாட்டுவது வேறு விஷயம். அது எல்லோருடைய இடம், அங்கே நான் வாயைத் திறப்பேன்.

கேள்வி (விழுப்புரம்): ராகு காலத்தில் வேண்டுமென்றே கல்யாணம் வைப்பது வீம்பு இல்லையா?

வீம்புதான். மண்டபம் எளிதில் கிடைக்கும் என்பது கூடுதல் லாபம்.

கேள்வி (சென்னை): அப்பா உடல்தானம் எழுதிவைத்திருக்கிறார். அந்த நேரத்தில் சொந்தக்காரர்கள் கொள்ளி வைக்கச் சொல்லித் தகராறு செய்வார்களோ என்று பயம்.

செய்வார்கள். அதனால் இப்போதே அப்பாவை அவர் வாயால் பெரியப்பா, அத்தை எல்லோரிடமும் சொல்ல வையுங்கள். படிவத்தில் கையெழுத்து இருந்தாலும், அந்த நேரத்தில் குடும்பம் சம்மதிக்காவிட்டால் மருத்துவக் கல்லூரி வலுக்கட்டாயமாக எடுத்துக்கொள்ளாது. உடற்கூறியல் துறையின் தொலைபேசி எண்ணைப் பீரோவில் பூட்டாமல், எல்லோர் போனிலும் சேமியுங்கள். விபத்து போன்ற காரணத்தால் பிரேதப் பரிசோதனை நடந்துவிட்டால் பொதுவாக உடலை ஏற்க மாட்டார்கள். அப்போது என்ன செய்வது என்பதையும் அப்பாவிடமே கேட்டு வையுங்கள். கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, இமையை மூடி, மேலே ஈரப்பஞ்சு வையுங்கள். பத்து நிமிடம் சுற்றி நின்று பேச நினைப்பவர்கள் பேசட்டும். வண்டியை மட்டும் காக்க வைக்காதீர்கள்.