வாசகர் கேள்வி பதில்: காய்கறிப் பயிர்களில் களைக்கொல்லி

கேள்வி: வெங்காய நாற்று நட்டுப் பத்து நாட்கள் கழித்து, களைகள் இரண்டு மூன்று இலை விட்டிருந்தபோது பெண்டிமெத்தலின் தெளித்தேன். ஒரு களையும் சாகவில்லை. மருந்து போலியா?

பதில்: போலி என்று முடிவு கட்ட இது போதுமான காரணம் ஆகாது. பெண்டிமெத்தலின் முளைத்துவிட்ட களையைக் கொல்லும் மருந்து அன்று. அது மண்ணின் மேற்பரப்பில் மெல்லிய படலமாகத் தங்கி, முளைவிடும் களை விதையின் வேரிலும் குருத்திலும் செல் பிரிதலைத் தடுக்கிறது. அந்தப் படலத்தைத் தாண்டி வளர்ந்த செடியை அதனால் ஒன்றும் செய்ய இயலாது. ஆகவே கட்டிகள் இன்றிப் புழுதியாக்கிய, களையற்ற நிலத்தில், நடவு செய்த மூன்று நாட்களுக்குள், மண் ஈரமாக இருக்கும்போதே இதைத் தெளிக்க வேண்டும். உலர்ந்த மண்ணில் தெளித்து நீர் பாய்ச்சாமல் விட்டால், வெயிலிலும் காற்றிலும் மருந்தின் ஒரு பகுதி வீணாகிவிடும். தெளித்த பின் மண்ணைக் கிளறினாலும் படலம் உடைந்து, அந்த இடத்திலேயே களை முளைக்கும். மணற்பாங்கான நிலத்துக்குக் குறைந்த அளவும் களிமண்ணுக்குக் கூடுதல் அளவும் தேவைப்படும் என்பதால், மருந்துப் புட்டியின் விவரச்சீட்டில் உங்கள் பயிருக்கும் மண்ணுக்கும் சொல்லப்பட்ட அளவைக் கட்டாயம் பாருங்கள்.

சரியாகத் தெளித்தாலும் கோரை வரும். அது மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து கிளம்புவதால், விதை முளைப்பைத் தடுக்கும் மருந்து அதை அடக்காது. மேலும், வெங்காயத்தின் குறுகிய, நிமிர்ந்த தாள்கள் கடைசி வரை நிலத்தை நிழலால் மூடுவதில்லை. எனவே மருந்தின் வீரியம் தணியும் ஐந்தாறு வாரங்களில் ஒரு கைக்களை எடுத்தே ஆக வேண்டும். களைக்கொல்லி முதல் சில வாரங்களை மட்டுமே நமக்குக் காத்துத் தருகிறது என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: தக்காளியில் களை முளைத்த பிறகு தெளிக்க என்ன மருந்து உண்டு?

பதில்: புல் வகைக் களை என்றால் குயிசலோபாப் எத்தில் உதவும். புற்களின் கொழுப்பு அமில உற்பத்தியை அது தடுக்கிறது. அகன்ற இலைப் பயிரான தக்காளிக்குத் தீங்கு செய்வதில்லை. புல் இளம் பருவத்தில் இருக்கும்போதே தெளிக்க வேண்டும். அகன்ற இலைக் களைகளில்தான் சிக்கல், ஏனெனில் பயிரும் அதே அகன்ற இலை வகையைச் சேர்ந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் தாங்கும் மெட்ரிபூசின் என்ற களைக்கொல்லி, வெள்ளரி, பூசணி போன்ற கொடிக் காய்கறிகளைக் கருக்கிவிடும்.

கேள்வி: மக்காச்சோளத்துக்கு 2,4-டி என்ற களைக்கொல்லி தெளித்த அதே தெளிப்பானில் தக்காளிக்குப் பூச்சி மருந்து அடித்தேன். இலைகள் முறுக்கிக்கொண்டு நார்போல் ஒடுங்கிவிட்டன. காப்பாற்ற முடியுமா?

பதில்: மாற்று மருந்து கிடையாது. 2,4-டி தாவர வளர்ச்சி ஊக்கியைப் போலச் செயல்படுவது. தெளிப்பானின் குழாயிலும் அடைப்பு வளையங்களிலும் ஒட்டியிருக்கும் சிறிதளவே தக்காளியைப் பாதிக்கப் போதுமானது. பாதிப்பு லேசானால் நீரும் உரமும் சீராகக் கொடுத்தால் புதுத்துளிர் நேராக வரலாம். இனியாவது களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மக்காச்சோள நிலத்தில், மண்ணில் நெடுநாள் தங்கும் களைக்கொல்லியான அட்ரசினும் இட்டிருந்தால், அடுத்துக் காய்கறி பயிரிடுமுன் அந்த மண்ணைத் தொட்டியில் எடுத்து, பயிரிடவிருக்கும் காய்கறியின் விதைகள் சிலவற்றை ஊன்றி, மூன்று வாரம் வரை கவனியுங்கள். இலை விளிம்பு மஞ்சளித்துக் கருகினால், அந்தப் போகத்தில் மறுபடியும் மக்காச்சோளமோ சோளமோ விதைப்பதே நல்லது.