ஜனவரியில் திமிங்கலம் பார்க்க இலங்கையின் தென்கரையில் இருக்கும் மிரிஸ்ஸா போகிறோம், கடல் தெரியும் அறை எடுக்கலாமா?

கேட்டவர் சென்னையிலிருந்து அப்பா, அம்மா, எட்டு வயது மகளுடன் போகிறார். மூன்று நாள்தான் கையில் இருக்கிறது. "கடற்கரை ஓட்டலா, உள்ளே தள்ளி இருக்கும் விடுதியா? திருகோணமலை பக்கம் போனால் நமக்கு மொழியும் வசதியாக இருக்குமே?" என்று கேட்டிருக்கிறார்.

கடல் தெரியும் அறைக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பத்து நிமிடத்தில் போய்ச் சேருகிற, இரவு ஒன்பது மணிக்கே தூங்க விடுகிற அறையாகப் பாருங்கள். இரண்டு முறை போனதில், முதல் முறை தப்பாகத் தங்கிக் கற்றுக்கொண்டது இது.

முதல் முறை, காலி நகரத்தை ஒட்டிய உனவட்டுனவில் எடுத்தோம். படத்தில் பார்த்ததைவிட அழகான அறை, ஜன்னலைத் திறந்தால் கடல். ஆனால் மிரிஸ்ஸாவில் படகு காலை ஆறரைக்குக் கிளம்பிவிடும். அங்கிருந்து முக்கால் மணி நேரப் பயணம். நாலேகாலுக்கு எழுந்தோம். காலை உணவைப் பொட்டலம் கட்டி வைப்பதாக முந்தைய நாள் சொல்லியிருந்தார்கள், போய்ப் பார்த்தால் வரவேற்பில் ஆளே இல்லை. என் அம்மா வெறும் வயிற்றோடு வேனில் ஏறி, வாந்தி மாத்திரையையும் வேனில்தான் போட்டார். மாத்திரை வேலை செய்வதற்குள் படகு ஆழ்கடலுக்குப் போய்விட்டது. கீழ்த்தட்டுப் பெஞ்சில் கண்ணை மூடிப் படுத்தவர் படுத்தவர்தான். "அதோ, அதோ" என்று எல்லோரும் கத்தியபோது நான் ஓடிப்போய்த் தோளைத் தொட்டு எழுப்பினேன். அவர் தலையைத் தூக்குவதற்குள் வால் உள்ளே போய், தண்ணீரில் எண்ணெய் படர்ந்த மாதிரி ஒரு வழவழப்பான வட்டம்தான் மிச்சம் இருந்தது. அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

இரண்டு வருடம் கழித்து அம்மாவை மறுபடி கூட்டிப்போனபோது, மிரிஸ்ஸாவிலேயே காலி–மாத்தறை சாலையின் மறுபக்கம், ஒரு சந்துக்குள் நான்கு அறை கொண்ட வீட்டு விடுதி எடுத்தேன். கடல் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே வாழையும் பக்கத்து வீட்டுக் கொடியில் துணியும்தான். வீட்டுக்கார அம்மாவை அக்கா என்றே கூப்பிட்டோம், சிங்களத்திலும் அக்காவுக்கு அக்காதான். விடியற்காலை ஐந்து மணிக்கு அவரே எழுந்து, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன் டீயும் ஒரு துண்டு கித்துள் (ஒரு வகைப் பனை) கருப்பட்டியும் கொடுத்தார். அம்மா இரண்டு பிஸ்கட்டும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டு, அங்கேயே மாத்திரை போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் படகேறினார். அன்று அவர் மூன்று முறை மூச்சுத் தூணைப் பார்த்தார். நீலத் திமிங்கலம் மூச்சு விடும்போது இரண்டு தென்னை மட்டையை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்திய உயரத்துக்கு நீராவி எழும்பும். அதற்கப்புறம் முதுகு வரும், வந்துகொண்டே இருக்கும், கடைசியில்தான் அந்தச் சின்னத் துடுப்பு. "இன்னும் முடியலையா?" என்று அம்மா கேட்டது அந்த முதுகைப் பார்த்துத்தான்.

கடற்கரையை ஒட்டிய அறைகளைப் பற்றி. மிரிஸ்ஸாவில் மணலை ஒட்டியே உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. சீசனில் ராத்திரி பாட்டு ஓடும். இளைஞர்கள் கூட்டமாகப் போனால் அது சந்தோஷம். நாலரை, ஐந்துக்கு எழ வேண்டிய அப்பா அம்மாவுக்கும் குழந்தைக்கும் அது தூக்கத்தைக் கெடுக்கும். பிரதான சாலையை ஒட்டிய அறையும் வேண்டாம், பஸ் ஹாரன் ஓயாது. மேலும், ஜன்னலிலிருந்து திமிங்கலம் தெரியப் போவதில்லை. தீவின் தென்முனையில் கண்டத்திட்டு, அதாவது கரையோரத்து ஆழமில்லாத கடல்தளம், குறுகலாக இருப்பதால் ஆழ்கடல் கரைக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது, அதனால்தான் இங்கே திமிங்கலம். ஆனாலும் அந்தப் "பக்கம்" என்பது படகில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

துறைமுகம் மிரிஸ்ஸா கடற்கரையின் மேற்கு முனையைத் தாண்டி, வெலிகம பக்கம் இருக்கிறது. அதனால் மிரிஸ்ஸாவில் நல்ல அறை கிடைக்காவிட்டால் அடுத்து வெலிகமவைப் பாருங்கள், பெரிய ஓட்டல்களும் அங்கே உண்டு. மகள் கடலில் இறங்கி விளையாடுவதுதான் முக்கியம் என்றால் மாத்தறையில் பொல்ஹேன கடற்கரை நல்லது. பவளப்பாறை அலையைத் தடுப்பதால் கரையோரம் குளம் மாதிரி இருக்கும். அங்கிருந்து விடிகாலையில் துறைமுகம் வர த்ரீவீலரை (நம்ம ஆட்டோதான்) முந்தைய நாளே சொல்லி வைத்துவிடுங்கள்.

திருகோணமலை. எனக்கும் ஆசையான ஊர், தமிழிலேயே எல்லாம் நடக்கும், அப்பா அம்மாவுக்குக் கோணேஸ்வரம் தரிசனமும் ஆகும். ஆனால் ஜனவரி அதற்கான மாதம் இல்லை. வடகிழக்குப் பருவக்காற்று அந்தப் பக்கக் கடலைக் கலக்கிக்கொண்டிருக்கும். தெற்கே நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் படகுக்கு இணங்கும், கிழக்கே மே மாதத்துக்கு அப்புறம். இலங்கைக் கடலின் நீலத் திமிங்கலங்கள் மற்ற இடத்துத் திமிங்கலங்கள் போல இரைக்காகத் துருவக் கடலுக்குப் போவதில்லை, இந்த வெப்பக் கடலிலேயே தங்கிவிடுகின்றன என்று அந்நாட்டுக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் வெகுநாளாகச் சொல்லி வருகிறார். திமிங்கலம் இருக்கிறது, நமக்குக் கடல் வழி விட வேண்டும், அவ்வளவுதான். ஜூனில் போவதானால் உப்புவெளியில் தங்குங்கள், நகரத்துக்கு நிலாவெளியைவிடப் பக்கம். கோணேஸ்வரம் இருக்கும் சுவாமி மலைப் பாறையிலிருந்தே சில நாள் திமிங்கலத்தின் மூச்சைப் பார்க்கலாம், துறைமுகத்தை ஒட்டிக் கடல் அவ்வளவு ஆழம். ஒன்று மட்டும்: அங்கே பெரும்பாலும் சின்ன ஃபைபர் படகுகள், பல இடத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் ஏற வேண்டும். முட்டிவலிக்காரர்களுக்கு அது சிரமம். மிரிஸ்ஸாவில் படகுத்துறை மேடையில் நின்று பெரிய படகில் ஏறலாம்.

விடுதியைத் தேர்ந்தெடுப்பது பாதிக்குப் பாதி படகைத் தேர்ந்தெடுப்பதும்தான், ஏனென்றால் டிக்கெட்டை விடுதிக்காரர்தான் போட்டுத் தருவார். அதனால் அறைக்குப் பணம் கட்டும் முன்பே படகைப் பற்றிக் கேளுங்கள். எந்தப் படகு? திமிங்கலத்திடமிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்குமா? அது விதி, ஆனால் எல்லோரும் மதிப்பதில்லை. முதல் முறை நாங்கள் போன படகு மற்ற நான்கைந்து படகுகளோடு போட்டி போட்டு ஒரே திமிங்கலத்தைத் துரத்தியது. அது மூச்சு வாங்க வந்து, அரைகுறையாக வாங்கிக்கொண்டு உடனே இறங்கியதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு வலித்தது. ஏற்கெனவே அந்தக் கடல் வழியாகத்தான் உலகத்தின் பெரிய சரக்குக் கப்பல்கள் போகின்றன, மோதிச் செத்த திமிங்கலங்கள் கரை ஒதுங்கியிருக்கின்றன. 2022இல் எம்எஸ்சி என்ற பெரிய கப்பல் நிறுவனம் தானாகவே தன் கப்பல்களைத் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. நம் பங்குக்கு, என்ஜினைத் தணித்துத் தூரத்தில் காத்திருக்கும் படகுக்குக் காசு கொடுக்கலாம். "கிட்டப் போகாவிட்டாலும் எங்களுக்குப் பரவாயில்லை" என்று விடுதிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் இரண்டாவது முறை அப்படித்தான் சொன்னேன், அக்கா யோசித்து வேறொரு படகுக்காரரைப் பிடித்துக் கொடுத்தார்.

மூன்று இரவும் ஒரே இடத்தில் தங்குங்கள். படகை முதல் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். காற்று அடித்தால் படகு போகாது. போயும் ஒன்றும் தெரியாமல் திரும்புகிற நாளும் உண்டு. அப்படி ஆனால் மறுநாள் இலவசமாகக் கூட்டிப்போகும் படகுகள் இருக்கின்றன, அதையும் டிக்கெட் போடும்போதே கேளுங்கள். படகில் அப்பா அம்மாவைக் கீழ்த்தட்டில், நடுவிலிருந்து பின்பக்கமாக உட்கார வையுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. மகள் மேல்தட்டுக்கு ஓடுவாள், நீங்களும் கூடவே போங்கள்.

திரும்பி வரும்போது பதினோரு மணி, சில நாள் மதியமே ஆகிவிடும். உடம்பெல்லாம் உப்பு, தலைக்குள் இன்னும் படகு ஆடும். அந்த நேரத்தில் "பதினொன்றுக்கு அறையைக் காலி பண்ணணும்" என்று யாரும் வாசலில் நிற்காதபடி, அன்று இரவும் அந்த அறை உங்கள் பெயரில் இருக்கட்டும்.