சவுக்குத் தோப்பும் இல்லாத மேடும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் (பூங்கா, குளக்கரை போன்ற வெளிகளை வடிவமைக்கும் துறை) முதுகலை முதலாண்டு மாணவி. இளங்கலையில் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளை மட்டும் ஓரளவு பழகினேன். உடன் படிப்பவர்கள் ஸ்கெட்ச்அப், ரைனோ, கிராஸ்ஹாப்பர், லூமியான் என்று வடிவமைப்பு மென்பொருள்கள் எல்லாவற்றிலும் கை தேர்ந்திருக்கிறார்கள். இந்தப் பருவத்தில் எனக்குக் கிடைத்திருக்கும் தளம் கோவை அருகே உள்ள சூலூர்ப் பெரிய குளத்தின் கரை. என்னிடம் இருப்பதோ 8 ஜிபி மடிக்கணினி. எதில் தொடங்குவது? கையால் வரைவதற்கு இனி இடம் உண்டா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றிலிருந்து தொடங்குங்கள். கியூஜிஐஎஸ் என்ற நிலவரைபட மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு குளக்கரை அளவுள்ள வேலைக்கு உங்கள் மடிக்கணினியே போதும். நீங்கள் குறிப்பிட்ட மற்றவையெல்லாம் நாம் கொடுக்கும் நிலத்தின்மேல் வரைபவை. இதுதான் அந்த நிலம் பூமியில் எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்கிறது. இது நம் துறைக்கு அந்நியமானதும் அல்ல. அமெரிக்காவில் நம் துறையின் முன்னோடியான இயான் மக்ஹார்க் மண், சரிவு, வெள்ளம், தாவரம் ஆகியவற்றைத் தனித்தனியே ஊடுபார்க்கும் தாள்களில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்த முறையையே இன்று நாம் லேயர் என்ற பெயரில் திரையில் செய்கிறோம். நிலவரைபட மென்பொருள் செய்யும் எஸ்ரி நிறுவனத்தை 1969-இல் தொடங்கிய ஜாக் டேஞ்சர்மண்டும் ஹார்வர்டில் நம் துறையைப் படித்தவரே.

ஆனால் அந்த மென்பொருளுக்கு உயரங்களை எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் கடலோரத்தில் ஒரு பூங்காவுக்காக, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த உயரத் தரவை இறக்கி, அதிலிருந்து சம உயரக் கோடுகளை உருவாக்கினேன். தளத்தின் வடக்கே அழகான மேடு ஒன்று திரையில் எழுந்தது. மழைநீர் அங்கிருந்து தெற்கே இறங்கும் என்று கொண்டு வடிகால்களை வரைந்தேன். தளத்தில் மேஸ்திரி டியூப் லெவலைப் பிடித்து, குழாயின் இரு முனையிலும் தண்ணீர் நின்ற இடத்தைக் கரிக்கோட்டால் குறித்துக் காட்டினார். வடக்குப் பக்கம் தெற்கைவிட ஒரு சாண் தாழ்வாக இருந்தது. அந்தத் தரவு, 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டேவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் ரேடாரால் அளந்தது. அப்போது அங்கே அடர்ந்த சவுக்குத் தோப்பு இருந்திருக்கிறது. ரேடார் அலை தரையைத் தொடாமல் மரத்தலைகளிலேயே பெரும்பாலும் திரும்பிவிட்டது. தோப்பை வெட்டிய பிறகும் அதன் உயரம் தரவில் மேடாக நின்றது. வடிகால் வரைபடம் முழுவதையும் நான் மாற்றி வரைய வேண்டியதாயிற்று.

ஆகவே உங்கள் குளக்கரையில் 100 மீட்டருக்கு 100 மீட்டர் பரப்பைத் தேர்ந்தெடுத்து, 10 மீட்டர் இடைவெளியில் கட்டமிட்டு, கல்லூரியிலுள்ள ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியால் 121 புள்ளிகளையும் ஒரு தோழியின் துணையோடு நீங்களே அளந்து வாருங்கள். முதலில் அவற்றைத் தாளில் குறித்து, 25 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சம உயரக் கோடுகளைக் கையால் வரையுங்கள். பிறகு அதே எண்களைக் கியூஜிஐஎஸ்ஸில் கொடுத்துக் கோடுகளை உருவாக்கி, அச்சிட்டு, கையால் வரைந்த தாளை அதன்மேல் வைத்துப் பாருங்கள். சமவெளியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றிப்போகும். கரை வரும் இடத்தில் பிரியும். கரையின் உச்சி இரண்டு கட்டப் புள்ளிகளுக்கு நடுவே விழுந்திருந்தால், மென்பொருள் அதை அறியாமல் இரு பக்கத்தையும் நேராக இணைத்துவிடும். அங்கே ஒரு கரை இருக்கிறது என்பதே திரையில் தெரியாது. கரையின் மேல்விளிம்பிலும் இரு அடிவாரத்திலும் கூடுதலாகப் புள்ளிகள் எடுத்து, அவற்றை பிரேக்லைனாக, அதாவது சரிவு மாறும் இடத்தைக் காட்டும் கோடாகக் கொடுத்த பிறகுதான் கரை எழும். கைக்கு இடம் உண்டா என்று கேட்டீர்கள். கரைமேல் நடந்தவரின் கை, புள்ளி இல்லாத இடத்திலும் கோட்டைச் சரியாக வளைக்கும். மென்பொருளின் பிழையை அந்தத் தாளை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே கவனியுங்கள். திண்டுக்கல்லை ஒட்டிச் செல்லும் 78 பாகைத் தீர்க்கரேகைக்கு மேற்கே யுடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்து இடங்களை மீட்டரில் குறிக்கும் முறை) 43-ஆம் மண்டலம், கிழக்கே 44. சூலூர் 43-இல் வருகிறது. சென்னைத் தளத்துக்காக யாரோ தயாரித்த கோப்பை அப்படியே எடுத்தாண்டால் மண்டலம் தவறிவிடும். மேலும், அந்த முறையில் சூலூரின் வடக்கு ஆயம், அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே உள்ள தொலைவு, 12 லட்சம் மீட்டருக்கு மேல் வரும். அத்தனை பெரிய எண்ணோடு ஸ்கெட்ச்அப்புக்குக் கொண்டுபோனால் கோடுகள் நடுங்கும், பரப்புகள் உடையும். தளத்தின் ஒரு மூலையைச் சுழியமாக நகர்த்தி, நகர்த்திய அளவை வரைபடத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசம், ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம். ஸ்கெட்ச்அப்பின் இணைய வடிவம் இப்போதைக்குப் போதும். ரைனோவை 90 நாள் இலவசமாகச் சோதிக்கலாம் என்பதால், விடுமுறை தொடங்கும் நாளில் நிறுவுங்கள். கிராஸ்ஹாப்பர் அதற்குப் பிறகு. நிஜம்போன்ற காட்சிப் படங்களை உருவாக்கும் லூமியானுக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். அதற்காக இந்த ஆண்டு கடன் வாங்கிப் புதுக் கணினி வாங்க வேண்டாம்.

அத்தகைய படங்களைச் செய்யும் காலம் வரும்போது மரங்களில் மட்டும் கவனமாக இருங்கள். மென்பொருளின் நூலகத்திலிருந்து இழுத்து வைக்கும் மரம் முதிர்ந்த மரம். நீங்கள் நடப்போவது மணிக்கட்டுப் பருமன்கூட இல்லாத புங்கங்கன்று. நட்ட ஆண்டு, பத்தாம் ஆண்டு, இருபத்தைந்தாம் ஆண்டு என்று மூன்று லேயர்களில் விதானத்தின் விட்டத்தைத் தனித்தனியே வரையுங்கள். முதல் லேயரில் நிழலே இல்லாத இருக்கைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், எந்த இருக்கையை எங்கே நகர்த்த வேண்டும், எதற்குத் தற்காலிகப் பந்தல் வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கரையை அளந்து முடித்ததும் இரண்டு தாள்களையும் படமெடுத்து அனுப்புங்கள். கோடுகள் பிரியும் இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு அனுப்பினால், அங்கே இன்னும் எத்தனை புள்ளிகள் எடுக்க வேண்டும் என்பதைச் சேர்ந்து பார்ப்போம்.