ஏழு வயதில் நடை குறைந்தால்: புது பிரேஸுக்கு முன்

நடை குறைந்த பிள்ளைக்குப் புது பிரேஸ் (காலைத் தாங்கும் கருவி) மட்டும் போதாது. ஸ்பைனா பிஃபிடா (பிறவியிலேயே முதுகெலும்பு முழுதாக மூடாத குறை) உள்ள ஏழு வயது மகள், நன்றாக நடந்தவள், இரண்டு மாதமாகத் தடுக்கி விழுகிறாள் என்றால் முதலில் நரம்பியல் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். சோம்பல் என்பவர்களை விட்டுத்தள்ளுங்கள்.

முதுகை மூடிய பழைய அறுவையின் தழும்பில் தண்டுவடம் ஒட்டிக்கொண்டு, பிள்ளை வளர வளர இழுபடுவது அடிக்கடி காணும் காரணம்.

முதுகுவலியோ சிறுநீர்க் கசிவோ கூடியிருக்கிறதா, ஒரு ஷூவின் ஓரம் மட்டும் தேய்கிறதா என்று பாருங்கள். பிரேஸைக் கழற்றி அரை மணி கழித்தும் தோலில் சிவப்பு மறையாவிட்டால், சரி, பிரேஸும் சிறுத்துவிட்டது.

எம்ஆர்ஐ படத்தில் இந்த ஒட்டல், தொல்லை இல்லாத பிள்ளைகளிடமும் பெரும்பாலும் காணப்படும். அதனால் படத்தை மட்டும் வைத்து அறுவைக்குப் போக வேண்டாம். பழைய தசைவலுப் பதிவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அப்புறம், ஷன்ட் (மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய்) வைத்த பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி.