"அது வேறு"

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் மகன், நாங்கள் வணங்கும் தெய்வத்தைக் கிண்டல் செய்யும் மீம் ஒன்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அவனுடைய தாத்தா அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை. மற்ற மதங்களைப் பற்றி என் கணவர் அனுப்பும் மீம்களுக்கு எல்லோரும் சேர்ந்து சிரிப்போம், அது வேறு. இவன் கெட்டுப்போனதற்கு இணையம்தானே காரணம்? கைப்பேசியைப் பிடுங்கிவிடலாமா?

பதில்: சகோதரி, 'அது வேறு' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எது வேறு? அடுத்தவர் தொழும் தெய்வம் கேலிக்கு உரியது, நம்முடையது மட்டும் அப்படியன்று என்பதா? நீங்கள் சிரித்த ஒவ்வொரு மீமுக்கும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு தாத்தா வாய்மூடி உட்கார்ந்திருப்பார் என்பது ஒருமுறையேனும் தோன்றவில்லையா?

இணையத்தின் மேல் பழியைப் போடாதீர்கள். ரோமாபுரியின் பாலத்தீன் குன்றில் 1857இல் ஒரு பழைய சுவர்க்கீறல் கண்டெடுக்கப்பட்டது. சிலுவையில் கழுதைத் தலையுடன் ஓர் உருவம், அதன்முன் ஒருவன், கீழே 'அலெக்சாமெனோஸ் தன் கடவுளைத் தொழுகிறான்' என்று ஏளனம். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் அதைக் கீறியவனிடம் கைப்பேசி இல்லை.

இன்று வந்திருப்பது வேகமும் வார்ப்பச்சும்தான். படம் ஒன்றே இருக்க, மேலுள்ள வரியை மாற்றினால் அது எந்தத் தெய்வத்துக்கும் பொருந்திவிடுகிறது. ஒருவருடைய வாழ்நாள் நம்பிக்கையை ஒரு நொடியில் பார்த்துச் சிரித்து அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம் என்பதை உங்கள் மகன் உங்கள் குழுவிலேயே கற்றான். வரியை மட்டும் மாற்றிக்கொண்டான். 'மீம்' என்ற சொல்லையே, ஒருவரைப் பார்த்து ஒருவர் பின்பற்றுவதால் பரவும் எண்ணத்தைக் குறிக்கத்தான் 1976இல் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் உருவாக்கினார். (கடவுள் நம்பிக்கையையும் அதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். அவருடைய முடிவுகள் எனக்கு உடன்பாடல்ல. ஆனால் பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்துத்தான் செய்கிறார்கள் என்பதை எப்படி மறுப்பது?)

தாத்தாவிடம் அவன் மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும். ஐயம் கொண்டதற்காக அன்று. முதியவர் மனத்தை நோகடித்ததற்காக. ஐயம் இருந்தால் அதை அவர் அருகில் உட்கார்ந்து நேரடியாகக் கேட்கட்டும். இத்தனை ஆண்டுகள் தொழுதவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். ஆனால் அதற்கு முன்பாக, தாம் அனுப்பியவை தவறு என்று உங்கள் கணவரும், சிரித்தது தவறு என்று நீங்களும் அதே குழுவில், எல்லோரும் காண எழுத வேண்டும். மகன்முன் தலைகுனிவதா என்று அவர் தயங்கினால், மகனைக் கண்டிக்கும் உரிமையையும் அவர் விட்டுவிடட்டும்.

கைப்பேசி அவனிடமே இருக்கட்டும். நீங்கள் இருவரும் எழுதப்போவதை அவன் அதில்தானே படிக்க வேண்டும்.