பில் கேட்டால் ஜிஎஸ்டி தனியா?

கே: 2009 பல்சர் 150. முன் பிரேக் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. பிரேக் ஆயிலில் இருந்த காற்றை எடுத்தும் சரியாகவில்லை. ஆயில் போகிற ஹோஸையே மாற்றணும் என்கிறார் மெக்கானிக். காசு பிடுங்கப் பார்க்கிறாரா? – திருநெல்வேலி வாசகர்

ப: இல்லை, அவர் சொல்வது சரி. பழைய ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் ரப்பர் தளர்ந்துவிட்டால் நீங்கள் கொடுக்கிற அழுத்தத்தில் ஒரு பங்கு ஹோஸ் உப்புவதிலேயே போய்விடும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஹோஸ் வளைகிற இடத்திலும் காலிப்பரில் (சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) சேருகிற இடத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றும்வரை வண்டியை எடுக்கவே வேண்டாம். பல ஜப்பான் கம்பெனி மேனுவல்களில் நாலு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறது, நீங்கள் 2009 வண்டியை வைத்துக்கொண்டு மெக்கானிக்கைச் சந்தேகப்படுகிறீர்கள்! மாற்றும்போது போல்ட்டில் ஹோஸ் முனையின் இரு பக்கமும் வருகிற செம்பு வாஷரும் புதுசாக இருக்கட்டும், ஒருமுறை நசுங்கியதை நம்பக்கூடாது. பிரேக் ஆயில் டாட் 3-ஆ டாட் 4-ஆ என்பது ஹேண்டிலில் இருக்கிற ஆயில் டப்பா மூடியிலேயே இருக்கும். சின்ன பாட்டிலாக வாங்குங்கள். மலிவாக இருக்கிறதே என்று நான் வாங்கிய ஒரு லிட்டர் டின், கொஞ்சம் ஊற்றியது போக மீதி அலமாரியில் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கெட்டுப்போனது.

கே: 'எல்லா பைக்குக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்த ஸ்டீல் பிரெய்டட் ஹோஸை (மேலே ஸ்டீல் கம்பி பின்னியது) ஆன்லைனில் 400 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். ஹேண்டிலை வலது பக்கம் ஒடித்தால் இழுத்துப் பிடிக்கிறது. பார்த்து ஓட்டினால் போதுமா? – சேலம் வாசகர்

ப: போதாது. கழற்றித் திருப்பி அனுப்புங்கள். பழைய ஹோஸை ஒரு நூல் வைத்து அளந்து பார்க்கக்கூட நேரமில்லாதவருக்கு ஸ்டீல் எதற்கு?

கே: 'கம்பெனி ஒரிஜினல்' என்று 650 ரூபாய்க்குக் கடையில் வாங்கிய ஹோஸ் பத்தே நாளில் மூட்டில் கசிந்து, ஆயில் பட்டு மட்கார்டு பெயிண்ட் உரிந்துவிட்டது. 'விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது' என்று போர்டைக் காட்டுகிறார்கள். பில் வேண்டுமானால் ஜிஎஸ்டி தனி என்றதால் வாங்கவில்லை. ஜிபேயில்தான் கொடுத்தேன். – மதுரை வாசகர்

ப: பிரேக் பிடிக்காமல் போய் எங்கேயும் மோதாமல் வந்தீர்களே, அதுவே பெரிது. டூப்ளிகேட் சீட் கவர் விற்றால் கிழியும், அத்தோடு போச்சு. பிரேக்கில் இந்த வேலையைச் செய்கிறவர்களை என்ன சொல்ல?

'ஜிஎஸ்டி தனி' என்ற இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாக்கெட்டில் அச்சடித்த எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் வரி என்று ஒரு ரூபாய்கூட கேட்க முடியாது. பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான், பில்லில் கெடு ஏதும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. போர்டில் என்ன எழுதியிருந்தாலும் சட்டம் மாறாது.

ஹோஸையும் பாக்கெட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தயாரிப்பாளர் முகவரி, மாதம், வருஷம், புகார் எண் எல்லாம் அதில் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் அதுவே ஒரு ஆதாரம். ஜிபே ரசீது, கசிந்த இடத்தின் போட்டோ இரண்டையும் கடைக்காரருக்கு வாட்ஸாப்பில் அனுப்பி, பணத்தைத் திருப்பித் தரச்சொல்லி எழுதுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடியுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, இரண்டு வருஷம் அவகாசம். பெயிண்ட் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

கே: ஆர்எக்ஸ் 100-க்கு நல்ல பிரேக் ஹோஸ் எது? – கோவை வாசகர்

ப: கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால் உங்கள் வண்டியில் ஹோஸே கிடையாது. இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக், அதில் ஆயிலே கிடையாது. முன் பிரேக்கை இழுக்கிற கேபிளை மாற்றுங்கள்.